வாய் திறந்தா கை இளகும்

ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்குற தொழில்ல எதிரி லாரியும் இல்ல, குறுக்கே வார ஆடும் இல்ல. கத்துக்க வந்தவளோட வலது கைதான்.

வீட்டுக்காரிக்கோ தங்கச்சிக்கோ வண்டி பழக்குறேன்னு கிளம்பி, பின்கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நாக்குத் தள்ள ஓடினவங்க உங்கள்ல நெறைய பேர் இருப்பீங்க. உங்க வலி எனக்குத் தெரியும். நான் பதினாலு வருசமா ஓடுதேன். பேரு முத்துலட்சுமி, பழக வாரவங்களுக்கு முத்தக்கா. ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற ரோட்டுல, மூடிக்கிடக்குற ஒரு மில்லுக்குப் பின்னாடி இருக்குற பொட்டல்தான் என் பள்ளிக்கூடம். அதே மில்லு ஓடினப்போ அதுல நூல் ஒட்டிக்கிட்டிருந்தவதான் நான். அறுந்த நூலை ரெண்டு விரலால பதமா ஒட்டின கைங்கிறதால, ஆக்ஸிலேட்டர் எனக்கு மூணே நாள்ல படிஞ்சிருச்சு.

பெருமையடிக்கிறேன்னு நெனச்சாலும் சரி, சொல்லிருதேன். காலையில எட்டரை மணிக்கு இந்த ரெண்டு ஊருல எங்க வேணும்னாலும் ரோட்டோரமா நின்னு பாருங்க. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட, ஆபீசுக்கு, கோயிலுக்குன்னு வண்டியில போற பொம்பளைங்கள்ல பாதிப்பேரு நான் பழக்குனவங்க. அவங்க எனக்கு ஹாரன் அடிச்சிட்டுப் போவாங்க. மந்திரிக்குக்கூட அம்புட்டு ஹாரன் கிடைக்காது.

பாடம் என்னமோ சின்னதுதான். வலது கைப்பிடியைத் தன் பக்கமா முறுக்கினா வண்டி ஓடும், விட்டா அதுவாவே அடங்கும். ஒரு நிமிசத்துல சொல்லி முடிச்சிரலாம். அது கைக்குப் புரியத்தான் ஒரு மாசம் ஆகும்.

பருத்திமார்ப் படப்பு

ஜெயந்தி டீச்சர் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் எடுக்குறவங்க. நான் சொன்னதை எல்லாம் நோட்டுல எழுதி, கீழே கோடு போட்டு வச்சுக்கிடுவாங்க. நாலாம் நாள் நான் பின்கம்பியை விட்டேன். நான் விட்டா, விட்டுட்டேன்னு சொல்லிட்டுத்தான் விடுவேன். சில வீட்டுக்காரங்க மாதிரி சொல்லாம விட்டுட்டுப் பின்னாடி நின்னு சிரிக்கிற சோலி என்கிட்ட கிடையாது.

டீச்சர் அழகா நேராப் போனாங்க. பொட்டல் கடைசியில யாரோ அடுப்பெரிக்கக் காஞ்ச பருத்திச் செடியை அடுக்கி வச்ச பருத்திமார்ப் படப்பு. அதுக்கு முன்னாடி திருப்பணும். அந்த இடத்துல பயந்துட்டாங்க. பயந்த ஆளு கையை இறுக்கும். வலது கையிலதான் பிரேக்கும் இருக்கு, ஆக்ஸிலேட்டரும் இருக்கு. மொத்தமா இறுக்கினா மணிக்கட்டு மடங்கி ஆக்ஸிலேட்டர் முழுசாத் திறந்துக்கிடும். எம்புட்டுப் பயமோ அம்புட்டு வேகம். முன்சக்கரம் படப்புக்குள்ள புதைஞ்சுதான் வண்டி நின்னுச்சு. நல்லவேளை, டீச்சருக்கு ஒரு கீறல் இல்ல. தலையில அப்பியிருந்த பருத்திச் சருகைத் தட்டிக்கிட்டே என்னைப் பார்த்துக் கோவமாச் சொன்னாங்க: "நான் பிரேக்கைத்தான் பிடிச்சேன் முத்தக்கா, வண்டிதான் தப்பாப் புரிஞ்சுக்கிடுச்சு."

மாமிக்கு மறந்துபோன அடி

ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாடவீதி மாமி ஒருத்தங்க. வயசு ஐம்பத்தெட்டு. மார்கழியில விடியுமுன்னே கோயிலுக்குப் போகணும், அதுக்கு மகனை எழுப்பக்கூடாது. அதுக்காக வண்டி பழக வந்தாங்க. அந்த வயசுக்கு நான் ஒண்ணரை மாசம் கணக்குப் போட்டேன். மாமி ரெண்டாம் நாளே தனியா ஓட்டினாங்க. எனக்கே ஆச்சரியம். கூடவே ஓடிக் காதைக் கொடுத்துக் கேட்டா, மாமி வண்டியில ஏறினதுல இருந்து பாசுரம் சொல்லிக்கிட்டே போறாங்க. குரல் ஓடுற வரைக்கும் கையும் பதமா இருக்கு.

ஒரு முக்குல மாமிக்கு அடுத்த அடி மறந்துபோச்சு. வாய் நின்னுச்சு, மூச்சு நின்னுச்சு, கை இறுகுச்சு, வண்டி பாஞ்சுச்சு. நான் ஓடிப்போய்ப் பின்கம்பியைப் பிடிக்கவும் மாமிக்கு அடி ஞாபகம் வரவும் சரியா இருந்துச்சு, வண்டி அடங்கிருச்சு. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது. பயம் முதல்ல தொண்டையை அடைக்குது, பொறவுதான் கைக்கு வருது. அன்னையில இருந்து என் பொட்டல்ல ஒரே சட்டம்: பேசிக்கிட்டேதான் ஓட்டணும். பாட்டு, சமையல், நாத்தனார் சண்டை, எதுவானாலும் சரி. பேச்சு நின்னா நான் ஓடத் தயார் ஆயிருவேன். இம்புட்டையும் கண்டுபிடிச்சுக் குடுத்த மாமிக்கு மட்டும் மனசு ஆறல: "அடி ஞாபகம் இருந்தா சமத்தா போறது, மறந்தா பிச்சுண்டு ஓடறது. தாயாருக்கு என்மேல இத்தனை சந்தேகமா முத்துலட்சுமி?"

டீச்சர் சொன்ன அர்த்தம்

வண்டியை ரிப்பேருக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் குடுத்த சீட்டுல த்ராட்டில் கேபிள்னு எழுதியிருந்துச்சு. நான் அது என்னமோ புதுச் சாமான்னு நெனச்சேன். ஜெயந்தி டீச்சர்தான் வாசிச்சு விளக்கினாங்க. நாம முறுக்குற கைப்பிடிக்கே இங்கிலீஷ்ல அதுதான் பேராம். தொண்டைங்கிற சொல்லுல இருந்து வந்ததாம். ஒருத்தன் குரல்வளையை நெரிச்சாலும் த்ராட்டில், ஒருத்தரைப் பேசவிடாம அமுக்கி வச்சாலும் த்ராட்டில், முழுமூச்சா ஒரு காரியத்துல இறங்கினா ஃபுல் த்ராட்டில்.

எனக்குத் தலைகால் புரியல. தொண்டைக்கும் கைப்பிடிக்கும் தொடுப்பு இருக்குன்னு நான் இந்தப் பொட்டல்ல ஓடி ஓடிக் கண்டுபிடிச்சதை, வெள்ளைக்காரன் ஒத்தைச் சொல்லுல முடிஞ்சு வச்சிருக்கான். பாத்தீங்களா டீச்சர், பத்தாங் கிளாஸ் பெயிலான நானும் அவனும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துட்டோம்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன். டீச்சர் சீட்டை மடிச்சு என் கையில குடுத்துட்டுச் சொன்னாங்க: "நான் இருபது வருசமா பிள்ளைங்களை வாயை மூடு, வாயை மூடுன்னுதான் முத்தக்கா சொல்லிக்கிட்டிருக்கேன்."

நாய் எந்திரிச்ச கணக்கு

என் சட்டத்துக்கு எமனா வந்து சேர்ந்தவ மாரித்தாய். தேவதானத்துக்காரி, வயசு முப்பத்தஞ்சு இருக்கும். கல்யாணத்துக்கு முந்தி லேபுல ரத்தம் எடுக்குற வேலை பார்த்தவ. வீட்டுக்காரர் பட்டாளத்துல வடக்கே இருக்காரு. வீட்டுல அவரோட அண்ணன் சொன்னா சொன்னதுதான். போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, இவளுக்கு அத்தான் முறை. அவரு சாப்பிடுறப்போ வீட்டுல கரண்டிகூடச் சத்தம் போடாதாம். இப்ப ராஜபாளையத்துல ஒரு லேபுல, வீடு வீடாப் போய் வயசானவங்களுக்கு ரத்தம் எடுத்துட்டு வார வேலை இவளுக்குக் கிடைச்சிருக்கு. வண்டி ஓட்டத் தெரியணும், ஆனி முடியுறதுக்குள்ள லைசென்ஸ் காட்டணும், இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவோம்னு சொல்லிட்டாங்க. பத்து வருசம் கழிச்சு வந்த வேலை. அத்தான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்காரு, ரோட்டுல விழுந்து கிடந்தா யாரு தூக்கன்னு. இம்புட்டையும் அவ வாயில இருந்து பிடுங்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

பேசிக்கிட்டே ஓட்டு தாயின்னேன். தலையை ஆட்டினா. இன்னைக்கு என்ன சமைச்சன்னு கேட்டேன். சோறுன்னா. தொட்டுக்கிட என்னன்னேன். கூட்டுன்னா. என்ன கூட்டுன்னு கேக்குறதுக்குள்ள வண்டி வேப்பமரத்தைப் பார்த்துப் பாஞ்சிருச்சு. அந்த மரத்தடியிலதான் பொட்டலுக்குச் சொந்தக்காரரான ராஜு பெரியவரோட நாய் படுத்திருக்கும். எங்க ஊரு வெள்ளை நாய், லேசுல அசையாது. இஞ்சின் திடீர்னு உறுமினா மட்டும் எந்திரிச்சு நின்னு பார்க்கும். அந்த ஒரு காலையில அது உக்காரவே இல்ல. பெரியவரு கம்பை ஊனிக்கிட்டு வந்து, அவரு வீட்டுத் தெலுங்கைக் கலந்து கேட்டாரு: "ஏமம்மா முத்துலட்சுமி, மத்தவங்க பழகுறப்போ என் நாய் ஒரு தூக்கம் தூங்கும். இந்தப் பிள்ளைக்கு மட்டும் டியூட்டி பாக்குதே?"

ரெண்டு எட்டு

லைசென்ஸுக்குப் போறவங்களுக்கு எட்டுன்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. காலைத் தரையில ஊனாம, கோட்டைத் தாண்டாம எட்டு போடணும். முறுக்கினா வெளியே போயிரும், முழுசா விட்டா சாஞ்சிரும். நூல் ஒட்டுற பதம் வேணும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துல மாரித்தாய் முதல் தடவை எட்டுல பாதியிலேயே காலை ஊனிட்டா. அடுத்த தடவை மேல் வளையம் நல்லாத்தான் போட்டா. நான் மனசுக்குள்ள தேங்காயே உடைச்சிட்டேன். கீழ் வளையத்துல அவ உதடு ஒட்டுறதைத் தூரத்துல இருந்து பார்த்தேன். அம்புட்டுத்தான். கோட்டைத் தாண்டி, டிரம்மைத் தாண்டி, வரிசையில நின்ன ஆளுக சிதற, டீக்கடை பெஞ்சுகிட்டப் போய் நின்னா. ஒருத்தருக்கும் அடியில்ல. பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன், திட்டல. பேப்பர்ல கையெழுத்துப் போடாம அப்படியே திருப்பிக் குடுத்துட்டுச் சொன்னாரு: "ஓட்டத் தெரியுதும்மா, விடத்தான் தெரியல. அடுத்த வாரம் வாங்க."

வீட்டுல விழுந்த அடி

அன்னைக்கு நான் செஞ்சதைச் சொல்ல இப்பவும் கூசுது. திரும்பி வார வழியெல்லாம் அவளைக் காய்ச்சி எடுத்துட்டேன். எத்தனை தடவை சொன்னேன், வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க, பதினாலு வருசத்துல என் பேரை இப்படி ஒருத்தி கெடுத்ததில்லன்னு ரோட்டுல போற நாலு பேரு திரும்பிப் பார்க்க, வண்டியை ஓட்டிக்கிட்டே பேசினேன். அவ பின்னாடி உக்காந்து ரோட்டோரத்தைப் பார்த்துக்கிட்டே வந்தா. இறங்குறப்போ மட்டும், இன்னும் ஒரு தடவைதான் போகணும், அதுலயும் தோத்தா வண்டியைத் தொடக்கூடாதுன்னு அத்தான் சொல்லிட்டாருன்னு சொன்னா. ஆனி முடிய ஒம்பது நாள் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறல. எங்க வீட்டுக்காரரு கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் பஸ் ஓட்டுதாரு. ஒரு பஸ் நிறையப் பிள்ளைங்க கத்துறதைக் கேட்டுக்கிட்டு ஓட்டுற மனுசன், பேசுறது அபூர்வம். நான் மாரித்தாயைப் பத்திச் சோறு பரிமாறினதுல இருந்து கை கழுவுற வரைக்கும் பேசினதைக் கேட்டுட்டு, துண்டுல கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு: "அந்தப் பிள்ளை எங்க பேச? வீட்டுல அவ அத்தான் விடமாட்டாரு, பொட்டல்ல நீ விடமாட்ட."

நரம்பு பிடிக்கிற கை

ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. சுருக்குன்னு தச்சது அந்த வார்த்தை. டீச்சர் சொன்ன அந்த நெரிக்கிற வேலையை இத்தனை நாளா நானே செஞ்சிருக்கேன். மறுநாள் அவ வந்ததும் வண்டியை எடுக்கல. வேப்பமரத்தடியில உக்கார வச்சு மன்னிப்புக் கேட்டேன். பொறவு ஒரே ஒரு கேள்வி, வயசானவங்களுக்கு நரம்பு எப்படிம்மா கண்டுபிடிப்பன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். எனக்கு அது எம்புட்டுக் கஷ்டம்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

அவ என் கையை இழுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா. பொறவு ஆரம்பிச்சா. வயசானவங்களுக்கு நரம்பு வழுக்கும், கட்டைவிரலால தோலை இழுத்துப் பிடிக்கணும். முதல்ல கையை மூடச் சொல்லணும், ஊசி இறங்கினதும் லேசா விடச் சொல்லணும். பயந்தவங்க விடமாட்டாங்க. அவங்களுக்குப் பேச்சுக் குடுக்கணும், எந்த ஊரு, எத்தனை பிள்ளைகன்னு. வாயை இறுக்கினா கையும் இறுகும், கை இறுகினா நரம்பு ஒளிஞ்சுக்கிடும். சொல்லச் சொல்ல அவ முகமே மாறிப்போச்சு. எனக்கு ஒரு பக்கம் வெக்கம், ஒரு பக்கம் கண்ணு கலங்குது. நான் பதினாலு வருசத்துல கண்டுபிடிச்சதை இவ இருபத்திரெண்டு வயசுலயே ஊசியோட கத்து வச்சிருக்கா. உன் கைதான் இப்ப நோயாளி, அதுக்குப் பேச்சுக் குடுன்னு மட்டும் சொன்னேன். வண்டியை எடுத்தா. கையை இறுக்காதீங்கய்யா, லேசா விடுங்க, செத்த நேரந்தான்னு சொல்லிக்கிட்டே பத்து எட்டு போட்டா. நாய் எந்திரிக்கல. இறங்கி வந்து வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னா: "ஊருக்கெல்லாம் பேச்சுக் குடுத்தேன்க்கா, இதுக்கு ஒருநாளும் குடுத்ததில்ல."

மூணாவது எட்டு

ஆனி முடிய ரெண்டு நாள் இருக்குறப்போ கடைசி டெஸ்ட். அன்னைக்கு அத்தானும் வந்துட்டாரு. வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை. இதோட இந்தக் கூத்து முடிஞ்சிரணும்னு பார்க்க வந்தவரு மாதிரி, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு மைதான ஓரத்துல நின்னாரு. அவரைப் பார்த்ததும் மாரித்தாய் உதடு ஒட்டிக்கிட்டதை நான் பார்த்தேன். பேசு தாயின்னு கத்திச் சொல்லணும்போல வந்துச்சு. முந்தானையை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

வண்டி கிளம்புச்சு. சத்தமே இல்ல. மேல் வளையத்துல பாதி வந்ததும் வண்டி லேசா உறுமுச்சு. அப்ப கேட்டுச்சு அவ குரல், முதல்ல மெல்ல, பொறவு மைதானம் முழுக்கக் கேக்குற மாதிரி. கையை இறுக்காதீங்கய்யா. லேசா விடுங்க. எந்த ஊரு உங்களுக்கு? செத்த நேரந்தான், முடிஞ்சிரும். வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. அவ நிறுத்தல. போன தடவை வெளியே பாஞ்ச அதே கீழ் வளையத்தை, கோட்டுக்கு ஒரு சாண் உள்ள, முறத்துல அரிசி சுத்துற மாதிரி சுத்தி வந்து, இன்ஸ்பெக்டர் முன்னாடி நின்னா. நான் யாரு கையையும் இறுக்கலையேம்மா, யாரைச் சொல்லுதீங்கன்னு அவரு கேட்டாரு. உங்களை இல்ல சார், என் கையைச் சொன்னேன்னா. அவரு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாரு. நான் அழுதுட்டேன். என் தொழில்ல எனக்குக் கிடைச்ச மெடல் அது, யாரு என்ன சொன்னாலும் சரி.

என் வண்டியிலேயே ராஜபாளையம் வரைக்கும் போங்க, நான் பஸ்ல வாரேன்னு சாவியை அவகிட்டக் குடுத்தேன். அத்தான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்து பின்னாடி உக்காந்தாரு. பத்தடி போறதுக்குள்ள அவருக்கு முகமெல்லாம் வேர்த்துப்போச்சு. வாயை இறுக்கி மூடிக்கிட்டு, பின்கம்பியை ரெண்டு கையாலயும் முறுக்குற முறுக்குல வண்டியே ஆடுது. மாரித்தாய் மைதானத்துக் கேட்டுப் பக்கத்துல ஓரங்கட்டி நிறுத்தி, அவரைத் திரும்பிப் பார்த்து, நோயாளிகிட்டப் பேசுற அதே பதத்துல சொன்னா: "கையை இறுக்காதீங்க அத்தான், லேசா விடுங்க. எதையாவது பேசிக்கிட்டே வாங்க, நான் கேக்கேன்."

அம்புட்டுக் கைக்கும் விடப் பழக்கிட்டேன்னு ஊரெல்லாம் பெருமையடிக்கிற நான், வாயை மூடிக்கிட்டு ஓரமா நிக்குற பாடத்துல மட்டும் இன்னும் எல்.எல்.ஆர். வாங்கின கத்துக்குட்டிதான்.